ஒரே ஒரு படத்துக்கு வாங்கிய கார்டு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்பதும் இப்போது அடிக்கடி மறந்துபோகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் இங்கே, பாரிசுக்கு வெளியே நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில், கீழ்வீட்டுக் கிழவர் இறந்துபோனார். துக்கம் கேட்கப் போன நான் அவர் மகளிடம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், “ஃபொத்தோ?” என்று கேட்டேன். அவள் பையைத் திறந்து, கடற்கரையில் தொப்பி போட்டுச் சிரிக்கும் அவர் படத்தைக் காட்டினாள். அதைக் கேட்கவில்லை என்று தலையை ஆட்டி, இரண்டு கையையும் மார்பில் சேர்த்து, கண்ணை மூடிக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. “மெர்சி, மதாம்” என்று சொல்லி மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஏதோ அசிங்கமாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பாள். திண்டிவனம் பக்கம் எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் அதுதான் முதலில் கேட்கிற கேள்வி. பெட்டியை மூடுவதற்கு முன் தலைப்பக்கம் கொஞ்சம் தூக்கி வைத்து, பிள்ளைகளும் மருமக்களும் சுற்றி நின்று ஒரு படம் எடுக்காமல் கல்லறைக்குக் கிளம்ப மாட்டோம். பிறகு அதிலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கல்லறைச் சிலுவையில் பதிப்போம்.

அப்படி ஒரு படம் என் தங்கை லூர்துவுக்கு இல்லை. ஊரில் எல்லோரும் அதற்கு அவள் மகள் ரோசியைத்தான் குறை சொல்கிறார்கள். காரணம் ரோசி இல்லை, நான். இத்தனை வருஷம் சொல்லாததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ளவர். 1993இல் அவரோடு, மகள் செலினையும் அழைத்துக்கொண்டு வந்தேன். லூர்துவுக்கும் எனக்கும் கடிதம் எழுதுகிற அளவுக்குக் கையெழுத்து ஓடாது. போனில் பேசக் காசு அதிகம். அதனால் கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புவோம். அவள் கேசட்டு வந்தால் சமையலறையில் உட்கார்ந்து தனியாகக் கேட்பேன். வேர்க்கடலை உடைக்கிற சத்தத்தோடு அவள் குரல் வரும். “யக்கா, மல்லாட்ட ஒடச்சிக்கினே பேசறேன், சத்தம் கேட்டா பயந்துக்காத. ஓட்டு கார்டு வந்துச்சி. போட்டோவுல மூஞ்சியே தெரில, கரி பூசினாப்புல கீது. நானுன்னு சொன்னா எந்த ஆபீசருக்கா நம்புவான்? ரோசி உழுந்து உழுந்து சிரிக்கிறா.” லூர்துவுக்குக் கேமரா என்றாலே வெட்கம். கல்யாணப் படத்திலும் தலை குனிந்துதான் நிற்பாள். என்னைப் போலத்தான்.

ஒருமுறை பெரிய நஷ்டம் ஆயிற்று. எங்கள் அம்மா செபமாலை சொல்லிப் பதிந்த கேசட்டின்மேல், உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் யாரோ சினிமாப் பாட்டைப் பதிந்துவிட்டார்கள். அம்மா அப்போது உயிரோடு இல்லை. விழுப்புரத்தில் கேசட் கடைக்காரர் லூர்துவுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். கேசட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் சின்னச் சதுரம் ஒன்று இருக்கும். ஒன்றை ஒடித்துவிட்டால் அந்தப் பக்கத்தில் இருப்பதை யாரும் அழிக்க முடியாது. மறுபக்கத்தில் தாராளமாகப் பதியலாம். அதன் பிறகு நாங்கள் இருவரும் பேசி முடித்ததும் முதல் வேலையாக அதை ஒடித்துவிடுவோம். “ஒடச்சிட்டேன் யக்கா, நீயும் ஒடச்சிடு” என்பதுதான் அவள் கேசட்டின் கடைசி வார்த்தையாக இருக்கும்.

பிறகு கேசட்டுப் போய், கையளவு பாட்டுப் பெட்டி வந்தது. செலின் ஒரே மாதிரி இரண்டு வாங்கி, ஒன்றை லூர்துவுக்கு அனுப்பினாள். ரோசிக்குச் சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்றையும் கொடுத்தாள். பாட்டுப் பெட்டியில் குரலும் பதியலாம். பதிந்தது தபால்தலை அகலக் கார்டில் போய் உட்காரும். அதே கார்டு கேமராவிலும் போகும்.

2004 வாக்கில், சரியாக நினைவில்லை, லூர்துவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். ரோசி போன் செய்தாள்.

“பெரிம்மா, கேமராவுக்கும் பாட்டுப் பொட்டிக்கும் இருந்த ஒரே கார்டு கெட்டுப்போச்சி. திண்டிவனத்துல கெடைக்கல. விழுப்புரத்துல குடுக்கிறது உள்ளயே போவ மாட்டேங்குது. ஒண்ணு வாங்கி அனுப்புங்க. அம்மாவுக்கு... கடைசியா ஒரு படம் வேணும் இல்ல?”

என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை. போக முடியாதவள் கார்டாவது அனுப்பலாம் என்று, செலின் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டோடு கடைக்குப் போனேன். கண்ணாடிக்குள் வரிசையாகக் கார்டுகள். நீளம், சதுரம், தடிமன், ஒவ்வொன்றும் ஒரு அளவு. கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, “கொம்பியேன் த ஃபொத்தோ?” என்றார். எத்தனை படம் வேண்டும் என்று கேட்கிறார். நான் ஒரு விரலைக் காட்டினேன். “ஊன்.” அவர் சிரித்து, எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, பத்து விரலையும் விரித்து மூடி, விரித்து மூடிக் காட்டினார். நான் மறுபடி ஒரு விரலையே காட்டினேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

இரண்டு கார்டுகளை எடுத்து வைத்தார். இரண்டுமே அந்தக் கேமராவுக்குப் பொருந்தும் என்று சைகை காட்டினார். ஒன்று வழவழவென்று, விலை குறைவு. மற்றதன் ஓரத்தில் பொடிசாக ஒரு நெம்பு இருந்தது. அதை நகர்த்திக் காட்டி, பூட்டுவது போல் விரலைத் திருப்பினார். என் மனதில் கேசட்டின் முதுகுதான் வந்தது. ஒரு பக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டு மறுபக்கத்தில் பதியலாம். கேட்காமலே நெம்பு உள்ளதை எடுத்துக்கொண்டேன்.

செலின் வேலைக்குப் போனதும் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, புதுக் கார்டை என் பாட்டுப் பெட்டியில் போட்டு லூர்துவுக்குப் பேசிப் பதிந்தேன். வீட்டில் யாரும் இல்லை, ஆனாலும் கூச்சம். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். அழுகை நடுவில் வந்தது. முடித்ததும் கார்டை எடுத்து நெம்பைத் தள்ளிவிட்டேன். என் குரல் ஒரு பக்கம் பத்திரமாக இருக்கும், அவள் முகம் மறுபக்கம் வந்து உட்காரும் என்று நினைத்தேன். ஊருக்குப் போன ஒரு குடும்பம் கொண்டுபோய்க் கொடுத்தது.

மூன்று வாரம் கழித்து ரோசி போன் செய்தாள். அடக்கம் முடிந்துவிட்டது.

“அம்மா அந்தக் கார்ட பாட்டுப் பொட்டியில இருந்து கயட்டவே வுடல பெரிம்மா. காதுலயே வெச்சிக்கினு இருந்துச்சி. நீங்க சொன்னத எல்லாம் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கினு, ‘அக்கா அழுவுது பாரு, பைத்தியம்’னு சிரிச்சிச்சி. உசுரு போனப்புறந்தான் எடுத்து கேமராவுல போட்டேன்.”

“படம் வந்துதா?”

“வரல பெரிம்மா. அமுக்கனா கீ கீன்னு கத்துது, இங்கிலீஸ்ல என்னமோ வருது. நம்மகிட்டயே கேமரா கீதுன்னு ஸ்டுடியோவுக்கும் சொல்லியனுப்பல. சாமியாரு வந்துட்டாரு, ஜல்தி மூடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் அமுக்கிக்கினே இருந்தேன். பொட்டிய மூடிட்டாங்க.”

போனில் படம் எடுக்கிற வழக்கம் எங்கள் ஊருக்கு அப்போது வரவில்லை.

கார்டு தபாலில் திரும்பி வந்தது. செலின் அதைப் பாட்டுப் பெட்டியில் போட்டாள். என் குரல்தான் வந்தது, ஒரு எழுத்து குறையாமல். கார்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்த செலின், “அம்மா, இது பூட்டி இருக்கே. பூட்டியிருந்தா எதுவும் பதியாது. இத யாரு பூட்டுனது?” என்றாள். இதில் இரண்டு பக்கம் கிடையாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் அடுப்பைப் பார்ப்பது போல் எழுந்து போய்விட்டேன்.

அடுத்த வருஷம் ஊருக்குப் போனேன். முதல் வருஷத் திருப்பலி முடிந்து கல்லறைக்குப் போனோம். சிலுவையின் நடுவே படம் பதிக்க முட்டை வடிவில் குழி விட்டிருந்தார்கள். உள்ளே வெறும் சிமெண்டு. அதில் யாரோ ஒரு சாமந்தியைச் செருகியிருந்தார்கள். லூர்துவின் நாத்தனார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “பிரான்சு கேமராவாம். பெத்தவள ஒரு படம் புடிக்கத் துப்பு இல்ல. ஸ்டுடியோக்காரன கூப்ட்டுக்கினு வந்திருந்தா இந்தப் பேஜாரு உண்டா?” என்றாள். ரோசி குனிந்து மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டிருந்தாள். காற்றில் அது அணைந்தது, மறுபடி ஏற்றினாள். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியவள் நான். பக்கத்தில்தான் நின்றேன். நாத்தனார் என்னைப் பார்த்து, “நீ இன்னா பண்ணுவ, பாவம், அத்தினி தூரத்துல இருந்துக்கினு” என்றாள். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக இன்னும் எனக்குத் தூக்கம் சரியில்லை.

கார்டு இப்போதும் என் செபமாலை டப்பாவில் இருக்கிறது. நெம்பை நான் நகர்த்தவில்லை. அந்தப் பாட்டுப் பெட்டி கெட்டுப்போய்விட்டது, கேட்கவும் முடியாது. எனக்கும் அங்கே ஒரு பக்கம், இங்கே ஒரு பக்கம் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அங்கே சிலுவையில் முகம் இல்லாத ஒரு குழி. இங்கே டப்பாவுக்குள், கேட்க வேண்டியவள் கேட்டு முடித்துப் போய்விட்ட என் குரல்.

விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதைச் சரிபார்க்க வேண்டும். கடைக்காரர் காட்டிய அந்த வழவழப்பான, நெம்பு இல்லாத, விலை குறைந்த கார்டை வாங்கியிருந்தால் என் குரலும் அவள் முகமும் ஒன்றாக இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்று செலின் சொல்கிறாள். வருஷத்தையும் ரோசியிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள், நான் தவறாக எழுதியிருக்கலாம். நெம்பைத் தள்ளியது யார் என்பதை மட்டும் திருத்த வேண்டாம்.