கடைசிப் பக்கத்துக்கு முன் வந்த பொன்னாடை

லிங்கநகரில் மிஸ்ஸின் வீட்டு வாசலில் கால் துடைக்கக் கிடப்பது ஒரு பொன்னாடை. சரிகை கறுத்து, ஓரம் பிரிந்து, மண்ணப்பிக் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கச்சேரி மாலைப்பொழுது நினைவுக்கு வரும்.

மிஸ்ஸும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள். அவர் மேலைத்தேய சங்கீதம், நான் கணிதம். ஓய்வுபெற்ற பிறகு, துறைமுகத்துக்குப் பக்கத்து மண்டபமொன்றில் அவர் தனியாக ஒரு பியானோக் கச்சேரி செய்தார். முழுக்க அமெரிக்க இசை. கறுப்பின மக்களின் பழைய துள்ளல் மெட்டுக்களில் தொடங்கி, இன்று உயிரோடிருப்பவர்கள் எழுதியதுவரை வாசித்தார். கடற்காற்றில் ஊறிய அந்த மண்டபத்துப் பியானோவின் கட்டைகளை அழுத்தினால் திரும்ப எழும்பாது. பின்னேரங்களில் போய், தலைமயிர் காயவைக்கும் மெஷினால் அவற்றை உலர்த்தினார். பக்கம் புரட்டுவது என் வேலை.

“கடைசி இசையின்ர அந்தக் கடைசிப் பக்கத்துக்காகத்தான், சேர், இந்தப் பாடெல்லாம்,” என்றார் கச்சேரிக்கு முதல்நாள். “விரல் மடங்குதில்லை. இதுக்குப் பிறகு எனக்கு ஏலாது.” ஒத்திகையிலும் அதை மட்டும் வாசிக்கவில்லை. நாளைக்குக் கேளுங்கோ என்றுவிட்டார்.

பிரதம விருந்தினர் பிந்தி வந்தார். வாசிப்பின் நடுவில் சபை எழும்பி நின்றது. மாலை போட்டார்கள், மங்கள விளக்கை மறுபடி ஏற்றினார்கள். மிஸ் கையை மடியில் வைத்துக் காத்திருந்து முதலிலிருந்து தொடங்கினார். பின்வரிசையில் சிற்றுண்டிக்குக் கொடுத்த ரோல்ஸ் பெட்டிகள் திறபட்டு, எண்ணெய் மணம் மேடைவரை வந்தது. முன்கதிரையில் ஒருவர் போனில் காணிக் கதை கதைத்தார். எனக்கு அருவருத்தது.

கடைசியாக வந்த புதிய இசையின் நடுவே ஒரு நீண்ட மௌனம் உண்டு. ஓங்கி அடித்த சுரங்கள் ஓயும்வரை கைகளை உயர்த்திப் பிடித்திருந்து, அதன் பிறகுதான் கடைசிப் பக்கத்து மெட்டைத் தொடவேண்டும். மிஸ் கைகளை உயர்த்தினார். முடிந்துவிட்டதென்று நினைத்த விழாச் செயலாளர் கைதட்ட, சபையும் தட்டியது.

“இன்னும் முடியேல்லை, பொறுங்கோ!” என்று கத்தினேன்.

“ஓம் சேர், நன்றியுரை இருக்குத்தானே,” என்று சிரித்தார் செயலாளர்.

அதற்குள் பிரதம விருந்தினர் மேடையேறி, ரோல்ஸ் எண்ணெய் பிசுபிசுத்த விரல்களால் மிஸ்ஸுக்குப் பொன்னாடை போர்த்திப் படத்துக்கு நின்றார். மிஸ் எழும்பிக் கும்பிட்டார். கடைசிப் பக்கம் திறந்தபடியே கிடந்தது.

முகநூலில் பொன்னாடைப் படம்தான் வந்தது, பியானோ அதில் இல்லை. இப்போது மண்டபத்தில் அந்தப் பியானோவின் மேல் தேத்தண்ணித் தட்டுகளை வைக்கிறார்கள். மிஸ்ஸை நல்லாக் கௌரவிச்சனாங்கள் என்று செயலாளர் இன்றைக்கும் நிறைந்த மனதோடு சொல்லித் திரிகிறார். மனிதர் அதை உண்மையாகவே நம்புகிறார் என்பதுதான் எனக்குக் குமட்டுகிறது.

மிஸ்ஸின் விரல்கள் இப்போது தேத்தண்ணிக் கோப்பையைக்கூட இறுக்கிப் பிடிக்காது. அந்த மெட்டை நான் கேட்கவேயில்லை, இனிக் கேட்கப்போவதுமில்லை.

போன கிழமையும் போனேன். “காலைத் துடைச்சிட்டு வாங்கோ, சேர்,” என்று உள்ளிருந்து குரல் வந்தது. வெயிலில் காய்ந்த தெருவால் வந்த கால்கள், துடைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் நின்று, இரண்டு காலையும் நன்றாக அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.