முந்தி வலை போட்ட டாக்டரம்மா

செய்தி வந்தபோது நான் பொன்னேரிக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். போனில் ஜமீலா. "செண்பகக்கா, அக்கா போயிட்டாங்க" என்றாள். பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். இங்கே ஸ்டாப் கிடையாது என்றார் கண்டக்டர். நான் போட்ட சத்தத்தில் டிரைவரே பிரேக் போட்டுவிட்டார். இறங்கி, ரோட்டோரம் வெயிலில் நின்று, எதிரே வந்த பழவேற்காடு பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் அழுகை வரவில்லை. டாக்டரம்மா இருந்திருந்தால், நடு ரோட்டில் பஸ்ஸை நிறுத்தியதற்கு என்னை ஒரு பிடி பிடித்திருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

டாக்டர் மெஹருன்னிசா அவர்களை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பழவேற்காட்டின் பழைய வியாபாரக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய தங்கைதான் ஜமீலா. ஜமீலாவுக்குக் குழந்தையிலேயே போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனது. தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர் டாக்டரம்மா. படித்து முடித்ததும் சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வைரஸ்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். அதை விட்டுவிட்டு எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார். நான் அங்கே நர்ஸ். நல்ல வேலையை விட்டுவிட்டு இந்த உப்புக் காற்றுக்கு யாராவது வருவார்களா என்று முதல் வாரமே கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"அங்க ஜெயிச்சா ஒரு கட்டுரை வரும், செண்பகம். இங்க ஜெயிச்சா ஒரு புள்ள நடக்கும்" என்றார். பிறகு, சொட்டு மருந்து வைக்கும் ஐஸ் பெட்டியை ஏன் வெயிலில் வைத்தேன் என்று சண்டைக்கு வந்தார். வந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை எங்களுக்குள் ஐஸ் பெட்டிச் சண்டை ஓயவே இல்லை.

அவருடைய ஆராய்ச்சியை எனக்கு ஒருநாள் டீ குடிக்கும்போது விளக்கினார். நம் உடம்பின் செல் ஒவ்வொன்றின் மேலும் ஏற்பி என்று ஒன்று உண்டு. வைரஸ் அதைப் பிடித்துக்கொண்டால்தான் உள்ளே நுழைய முடியும். ஒரே ஏற்பியைத் தேடி இரண்டு வைரஸ் வந்தால், பெரும்பாலும் முந்தியது உள்ளே போகும், பிந்தியது வெளியே நிற்கும். சினிமா கொட்டகை கவுண்டர் மாதிரி என்றேன். அங்கேயாவது போலீஸ் இருக்கும் என்றார்.

இது எங்கள் வேலைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் கதை. போலியோ சொட்டு மருந்து முகாம்கள் திரும்பத் திரும்ப நடந்த காலம் அது. பசியாவரத்துக்கு அப்பால் ஒரு தீவுக் குப்பம். படகில்தான் போக வேண்டும். அங்கே தாய்மார்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். போன மாசம்தானே போட்டீர்கள், அதற்கு முந்தியும் போட்டீர்கள், மருந்தில் சத்து இல்லையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எனக்குக் கோபம்தான் வந்தது.

டாக்டரம்மா நேரே ஊர்க்கூட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். எங்கள் பழவேற்காட்டு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்வார்கள். இன்று உன் முறை என்றால் என் வலை கரையில் கிடக்கும். டாக்டரம்மா அதையே பிடித்துக்கொண்டார். மருந்துக்குள் சாதுவாக்கப்பட்ட வைரஸ் மூன்று வகை இருக்கின்றன, மூன்றுக்கும் ஒரே ஏற்பிதான் வேண்டும், வயிற்றுக்குள் பாடு கிடையாது, முந்தியவன் வலை போடுவான், மற்ற இரண்டும் இடம் கிடைக்காமல் போய்விடலாம், ஏற்கெனவே வயிற்றில் இருக்கும் வேறு கிருமிகளும் கெடுக்கும், அதனால்தான் மறுபடி மறுபடி போடுகிறோம் என்றார். ஊரே தலையாட்டியது. தலைவர் ஏழுமலை எழுந்து கும்பிட்டார். படகில் திரும்பும்போது டாக்டரம்மா, படகுக்காரர்கள் அடிப்பது போல இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அடுத்த முகாமுக்குப் போனோம். பாதிப் பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். தெற்குத் தெருப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஏழுமலை முகமெல்லாம் பெருமையாக நின்றிருந்தார்.

"உள்ள எடத்துக்கு அடிச்சிக்கிதுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க டாக்டரம்மா? சண்ட இன்னாத்துக்கு? நாங்களே சீட்டுப் போட்டு பாடு பிரிச்சிட்டோம். இந்த வாட்டி வடக்குத் தெரு, அடுத்த வாட்டி தெக்குத் தெரு" என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். டாக்டரம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். ஏனென்றால், மாநில எல்லைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பையனுக்குத் திடீரென்று கால் விழுந்துவிட்டது என்று முந்தின நாள்தான் எங்களுக்குச் செய்தி வந்திருந்தது. அந்தப் பக்கமும் இந்தத் தீவும் கருவாட்டு வியாபாரத்தில் பழகி, பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். அது போலியோவாக இருந்தால், தெற்குத் தெருவுக்கு வர எவ்வளவு நேரமாகும்?

"தலைவரே, நான் சொன்னதுலதான் தப்பு. உங்க மேல ஒண்ணும் இல்ல" என்றார். "ஏரி ஒண்ணுதான், அதனால உங்களுக்குப் பாடு வேணும். ஆனா ஒவ்வொரு புள்ள வயிறும் தனித்தனி ஏரி. வடக்குத் தெருவுல போட்டா தெக்குத் தெரு ஏரி காலியாத்தான் கெடக்கும். காலியா கெடக்கிற எடத்துல கெட்டவன் வந்து வலை போட்டா, நம்ம ஜமீலா காலப் பாத்திருக்கீங்க இல்ல?"

ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெற்குத் தெருவுக்குள் போனார். சிறிது நேரத்தில் தெருவே கிளம்பி வந்தது. தூங்கிக்கொண்டிருந்தது, மண்ணில் புரண்டுகொண்டிருந்தது, பாதிக் குளியலில் நின்றது என்று எல்லாவற்றையும் தூக்கி வந்தார்கள். கைக்குழந்தையோடு தாய் வீட்டுக்குப் போயிருந்த ஒருத்தியைத் தேடி ஏழுமலையே படகெடுத்துப் போய் அழைத்து வந்தார். "சோறு துன்னுட்டு வர்றேன்னா தலைவரு கேக்கமாட்டேன்றாரு" என்று அவள் என்னிடம் புலம்பினாள். பொழுது சாய்வதற்குள் அந்தத் தீவில் மருந்து போட்ட அடையாளத்துக்கு மை வைக்காத பிஞ்சு விரல் ஒன்றுகூட இல்லை.

எல்லைப் பக்கத்துப் பையனுக்கு வந்தது போலியோதான் என்று பிறகு முடிவு வந்தது. பாவம், அந்தப் பிள்ளையை நினைத்து டாக்டரம்மா சாப்பிடாமல் கிடந்தார். ஆனால் தீவுக்குள் அது கால் வைக்கவே இல்லை. அந்த வருஷமும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

நாட்டில் போலியோ ஒழிந்துவிட்டது என்று அறிவித்த அன்று, ஓய்வு பெற்றிருந்த டாக்டரம்மா ஒரு பெரிய பாத்திரம் நிறைய அல்வாவோடு சுகாதார நிலையத்துக்கு வந்தார். வாசலில் நின்று மறுபடி அதே விசில். நோயாளிகள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள். "ஜெயிச்சிட்டோம், செண்பகம்!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அன்றைக்கு நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். அல்வாவில் நெய் அதிகம் என்றும் சொன்னேன்.

அந்த அம்மாதான், நான் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போனபோது, வெள்ளைத் துணிக்குள் அமைதியாகப் படுத்திருந்தார். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கத்துக்கு எடுப்பதாக இருந்தார்கள். அதற்குள் தீவிலிருந்து படகுகள் வந்துவிட்டன. ஏழுமலை இப்போது இல்லை. வந்தவர்கள் எல்லாம் வாலிபர்கள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார்கள். தாங்களும் தோள் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். பள்ளிவாசல் ஜமாஅத்துப் பெரியவர் விலகி வழிவிட்டார்.

பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். ஜமீலா என் தோளைப் பிடித்துக்கொண்டு, இரும்புப் பட்டை கட்டிய காலை ஊன்றி நின்றாள். அம்மாவைச் சுமந்த ஜனாஸா மணல் தெருவில் வேகமாகப் போனது. நான் தூக்கிப் போனவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிய அந்தக் கால்களையே பார்த்தேன். மணலை உதைத்துக்கொண்டு, ஒன்றையொன்று முந்திக்கொண்டு போன கால்கள்.

"பாருங்கக்கா, எல்லாம் எப்பிடி ஓடுதுங்க" என்றாள் ஜமீலா. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நிம்மதியாகப் போங்கள், டாக்டரம்மா. உங்களைத் தூக்கிப் போவது உங்கள் பிள்ளைகள்தான்.