ஹெல்மெட்டோட ஒரு குதி

தண்ணிக்குள்ள வேலைன்னா கலர் மீனு, பவளப்பாறைன்னு நினைச்சுக்கறாங்க. ஒரகடத்துல நாங்க முங்கறது கம்பெனிங்களோட தீயணைப்புத் தொட்டியில. அந்தத் தண்ணியைக் காலி பண்ண விடமாட்டாங்க. அதனால சிலிண்டர் மாட்டிக்கினு குதிச்சு, அடிச்சேறு அள்ளணும். கான்ட்ராக்டுல மாரடிக்கிற உங்களுக்கு மீதியைச் சொல்லவா வேணும்?

மூட்டை

தொட்டி விளிம்பு தண்ணிக்கு மேல ரெண்டு ஆள் உயரம். என் கூட்டாளி அருள் குதிக்கிறதைப் பாக்கணும் நீங்க. ஒரு கை முகக் கண்ணாடியையும் வாயில கடிச்சிருக்கிற காத்துக் குழாயையும் அழுத்திக்கும், இன்னொண்ணு இடுப்பு பெல்ட்டைப் பிடிச்சுக்கும். நேராப் பாத்து ஒரே பெரிய எட்டு. கீழ குனிஞ்சா தண்ணி மூஞ்சியில அறைஞ்சிரும். இருங்காட்டுக்கோட்டையில ஒரு செக்யூரிட்டிக்காரர் இதைப் பாத்துட்டுக் கேட்டார்: "இவ்ளோ மூட்டை கட்டிக்கினு குதிக்கிறியே, உனக்கு நீச்சல் தெரியாதாப்பா?"

மூணாவது கை

பத்து நாளைக்கு முன்னாடி ஒரு கம்பெனியில வந்துச்சு வினை. உயரத்துல நிக்கிறவன் எவனா இருந்தாலும் ஹெல்மெட் போட்டு, தாடை வாரை இறுக்கியிருக்கணும்னு சேஃப்டி ஆபீசர் ஒத்தக் கால்ல நின்னார். "இதோட குதிச்சா தண்ணி ஹெல்மெட்டைத் தூக்கும், கழுத்து போயிரும் சார்"னு அருள் கெஞ்சினான். "விளிம்புல நிக்கிற வரைக்கும் போட்டுக்க, குதிக்கும்போது கழட்டு"ன்னார். அட மனுஷா, ரெண்டு கையும் வேலையா இருக்கே, எந்தக் கையால கழட்டறது?

குதிக்காம இறங்க ஏணி கேட்டோம், இல்லையாம். எனக்குக் கோவம் தலைக்கேறி, வாடா போயிரலாம்னேன். அருள் பொண்டாட்டி செல்வி நிறைமாசம். இந்தக் கான்ட்ராக்ட் போனா வூட்ல அடுப்பெரியாது. வாரை இறுக்கிக்கினு சொன்னான்: "வுடு மாமே, ஒரு குதிதானே."

கழுத்து

குதிச்சவன் மேல வந்து கையைத் தூக்கிக் காட்டணும், அதுதான் எங்க வழக்கம். கை வரல. ஹெல்மெட்டைக் கழட்டி எறிஞ்சுட்டு நானும் குதிச்சு, அவன் தலையைத் தாங்கிப் பிடிச்சேன். மூச்சு இருந்துச்சு. கழுத்துக்குக் கீழ ஒண்ணும் அசையல.

இன்னும் ஆஸ்பத்திரியிலதான் படுத்துக்கினு கீறான். விரலாவது அசையுமான்னு செல்வி டாக்டர் மூஞ்சியையே பாத்துக்கினு நிக்கிறா. நேத்து சேஃப்டி ஆபீசர் ஆப்பிள் பையோட வந்தார். பாவம், மனசாரத்தான் அவகிட்ட சொன்னார்: "நல்லவேளைம்மா, ஹெல்மெட் போட்டிருந்தார்."

தொட்டி எவ்ளோ ஆழமா இருந்தாலும் இறங்கிடலாங்க, கரையில நின்னு நம்மளைக் காப்பாத்த வர்றவங்களை நினைச்சாத்தான் குலை நடுங்குது.