பாலிகஞ்ச் சிக்னலில் ஒரு தூக்கம்

குறட்டை வந்தால்தான் ஆழ்ந்த தூக்கம் என்பது என் கணவரின் சித்தாந்தம். மூச்சு நின்று நின்று வருகிறது என்று நான் சொன்னால், “உனக்குப் பொறாமை” என்பார்.

அப்படி ஆழ்ந்து தூங்கியவர், ஒரு மத்தியானம் கொல்கத்தாவின் பாலிகஞ்ச் சிக்னலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அசந்துவிட்டார். போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டி, வீட்டில் படுக்க இடமில்லையா என்று வங்காள மொழியில் அன்பாக விசாரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்தான் அவரை உலுக்கி எழுப்பினேன்.

மறுநாளே டாக்டரிடம் இழுத்துப்போனேன். தூக்கத்தைச் சோதித்தவர், தொண்டை அடைத்து மூச்சு நிற்கிறது, இவர் சரியாகத் தூங்குவதே இல்லை என்றார். படுக்கும்போது காற்றுச் செலுத்தும் முகமூடி மாட்டச் சொன்னார்.

பகல் தூக்கம் போயே போயிற்று. இப்போது சென்னையில் இருக்கும் தன் தம்பிக்குப் போனில் இவர் உபதேசம்: “குறட்டைய லேசா நினைக்காதடா. இதெல்லாம் நாமளே கவனிச்சாத்தான் தெரியும்.”