அவரவர் கோலுக்கு அவரவர் விசில்

1. அம்பயர் வரவில்லை

மேட்ச் அன்று காலையில் கோவில்பட்டியிலிருந்து போன். "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீய. போன வருசம் வாங்குன அடியே இன்னும் முதுகுல இருக்கு. எங்க ரெண்டு பேரையும் விட்டுருங்க" என்று அம்பயர் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்களைப் பி.டி. என்பார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், டவுனில் இன்னொரு கல்லூரி. இரண்டுக்கும் ஆண்டுதோறும் ஒரு ஹாக்கி மேட்ச். அதை யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. யார் முதலில் கை வைத்தது என்பதற்கு மட்டும் ஆளுக்கொரு கதை உண்டு. ஒரு வருடம் ஸ்டிக் உடையும், மறு வருடம் பஸ் கண்ணாடி உடையும். எல்லாம் அம்பயர் விசிலில்தான் தொடங்கும். தோற்றவன் எவனும் தான் மோசமாக ஆடியதாகச் சொன்னதில்லை. அம்பயர் விலை போய்விட்டார் என்றுதான் சொல்வான்.

அந்த வருடம் எங்கள் முதல்வர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "ஒரு கல்லு விழுந்தாலும் சரி, இந்த மேட்ச் இதோட முடிஞ்சுது." டவுன் கல்லூரியிலும் அதே பேச்சு. நானே மாணவனாக ஆடிய மேட்ச் அது. என் காலத்திலா அது நின்றுபோக வேண்டும்?

2. காதர் சொன்ன வழி

டவுன் கல்லூரி பி.டி. காதர், மேலப்பாளையத்துக்காரர். விஷயத்தைச் சொன்னதும், "அப்ப நாம ரெண்டு பேரும் ஊதுவோம், வே" என்றார்.

"நல்லாத்தான் இருக்கும். உம்ம பையன் விழுந்தா நீரு ஊதுவீரு, எம் பையன் விழுந்தா நான் ஊதுவேன். சாயங்காலம் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டு."

"அதில்ல வே. உம்ம கோலு பக்கம் நீரு நில்லும். எங்க கோலு பக்கம் நான் நிக்கேன். உம்ம பையன் தப்புப் பண்ணுனா நீரே ஊதணும்."

ஹாக்கியில் இரண்டு அம்பயர்கள், ஆளுக்குப் பாதி மைதானம். கோல் முன்னால் நடப்பதற்கு அந்தப் பாதிக்காரர் விசில்தான் முடிவு. காதர் சொன்னபடி செய்தால், எங்களுக்கு எதிரான கோலை நானே கொடுக்க வேண்டும். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது நாங்களும் மாறி நடக்க வேண்டும். எந்த ரூல் புக்கிலும் இப்படிக் கிடையாது. பையன்களிடம் சொன்னோம். சிரித்தார்கள்.

3. இசக்கிமுத்துவின் கால்

ஆட்டம் முடியப்போகிறது. ஒன்றுக்கு ஒன்று. டவுன் பையன் அடித்த பந்து எங்கள் கோல்கீப்பரைத் தாண்டி, கோட்டில் நின்ற ஃபுல்பேக் இசக்கிமுத்துவின் காலில் பட்டு வெளியே போனது. அடித்த பையனின் முதுகு மறைத்ததால் காதரும் பார்க்கவில்லை, கேலரியும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஹாக்கியில் கோலுக்குப் போகும் பந்தைக் காலால் தடுத்தால் பெனால்டி ஸ்ட்ரோக், அதாவது கோல்கீப்பரை மட்டும் எதிரே நிறுத்தி ஓர் அடி, கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்தால் எங்கள் பையன்களே என்னைத் துவைத்துக் காயப்போடுவார்கள். பயமாகத்தான் இருந்தது. ஊதிவிட்டேன்.

"சாரு வெலை போயிட்டாருலே!" என்று ஒரு குரல். எங்கள் கேலரி மைதானத்துக்குள் இறங்கியது. முன்னால் வந்தவன் கையில் கல்.

இசக்கிமுத்து ஸ்டிக்கைப் போட்டுவிட்டுக் குறுக்கே போய் நின்றான். "ஏலே, எங்கால்லதாம்லே பட்டுச்சு. அவரு பாத்ததைத்தான் ஊதுனாரு. எறியணும்னா என் காலைப் பாத்து எறி."

கல் கீழே விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டே பைய பைய ஏறிப்போனார்கள். ஸ்ட்ரோக் கோலாயிற்று, நாங்கள் தோற்றோம். ஆனால் டவுன் பையன்கள் வந்த பஸ் முழுக் கண்ணாடியோடு பாலம் தாண்டியது. மேட்ச் பிழைத்துக்கொண்டது.

புதிதாக வேலைக்கு வரும் பி.டி.க்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நம் பையன் தப்புக்கு நாமே ஊதினால், எதிராளிக்குச் சண்டை போடக் காரணமே கிடைக்காது. அதற்கு முதலில் நம் ஆட்களிடம் ஏச்சு வாங்கத் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்த வருடம் டவுன் மைதானத்தில் மேட்ச். அவர்கள் கேப்டன் காலில் பந்து பட்டது. காதர் விசிலை வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே அவன் தானாகக் கையைத் தூக்கிவிட்டான். கேலரியில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

இடைவேளையில் பக்கம் மாறி நடக்கும்போது, நடுக்கோட்டில் காதர் என்னை நிறுத்தினார்.

"பாத்தீரா வே? இப்படியே போனா நம்ம ரெண்டு பேத்துக்கும் வேலை இல்லாம போயிரும் போலிருக்கே."

"போவட்டும் வே" என்றேன்.