ஒரே பேர், இரண்டு ஈயம்

களிம்புக்குப் பயந்தவள் நான். பித்தளையில் புளி பட்டுப் பச்சையாகப் பூத்தால் அது விஷம் என்பது சின்ன வயதிலிருந்தே தெரியும். இலங்கை மலையில், திம்புள்ளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் என்னைப் போல் சாம்பலும் புளியும் போட்டுச் சட்டி தேய்க்கிறவள் கிடையாது. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. அதனால்தான் கெட்டேன்.

பித்தளைச் சட்டிக்கு உள்ளே களிம்பு ஏறாமல் ஈயம் பூசுகிறவர் ஹட்டன் டவுனிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் தேயிலை விலை விழுந்து, ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிப் பாதி லயம் காலியானபோது அவரும் வரவில்லை. எங்கள் சட்டிக்குள் பழைய பூச்சு தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. அதில் ரசம் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

என் வீட்டுக்காரருக்குத் தேயிலை அரைத்துப் பெட்டியில் அடைக்கும் ஸ்டோரில் வேலை. பெட்டிக்குள் ஈரம் ஏறாமல் ஈயத்தகடு சுற்றி ஓரத்தைப் பற்றவைப்பார். மீந்த துண்டுகள் தரையில் கிடக்கும்.

"ஏங்க, அதுல கொஞ்சம் கொண்டாந்து நம்ம சட்டிக்குப் பூசிக் குடுங்களேன்," என்றேன்.

"அது பொட்டிக்குள்ள போடுறது புள்ள."

"ஈயம் ஈயந்தானே? எந்த ஈயமா இருந்தா என்னா?"

அவர் தலையைச் சொறிந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே பூசிக் கொடுத்தார். முதல் நாள் சட்டி மினுங்கியது, இரண்டாம் நாளே மங்கிவிட்டது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரசத்தில் புளிப்புக்கு அடியில் லேசாக ஒரு தித்திப்பு இருந்தது. ஈயச் சட்டி ரசத்தின் ருசியே தனி என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

மகளுக்கு அப்போது மூன்று வயது. வாய் ஓயாத பிள்ளை. அட்டைக்குக் கண் எங்கே, கங்காணிக்கு மட்டும் ஏன் குடை என்று எங்களைத் துளைத்தெடுப்பாள். இரண்டு மாதம் போனதும் அவளுக்கு வயிற்று வலி வந்தது. வெளிக்குப் போகவில்லை. முகம் வெளுத்தது. வயிற்று வலிக்கு மிளகு ரசத்தை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? புளியைக் கூட்டிக் கரைத்து, மிளகைத் தட்டிப் போட்டு, அதே சட்டியில் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். வலி கூடக் கூட நானும் ரசத்தைக் கூட்டினேன். மடக்கு மடக்காக ஊதிக் கொடுத்தவள் நான்தான்.

ஒரு நாள் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுப் பிள்ளைக்காம்பராவுக்கு அவளை அழைத்துவரப் போனேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா என்னை நிறுத்தினாள்.

"ஒம் மக தண்ணி குடிக்கிற பேணியப் புடிக்க மாட்டேங்குது. கை மணிக்கட்டோட தொங்குது, பாத்தியா?"

தோட்டத்து மருந்துக்காரர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். லயத்துப் பெண்கள் முனி அடித்திருக்கிறது என்றார்கள். சேவல் அறுத்தோம். பல் விளக்கிவிடும்போது அவள் ஈறில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அடுப்புக்கரி என்று நினைத்துத் தேய்த்தேன். போகவில்லை. மறுநாளும் தேய்த்தேன். அவள் அழுததுதான் மிச்சம்.

அடுத்த கிழமை ஈயம் பூசுகிறவர் வந்துவிட்டார். சட்டியை வாங்கி நகத்தால் சுரண்டி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத யாரு பூசுனா தாயி?"

சொன்னேன். வீட்டில் மீந்திருந்த தகட்டுத் துண்டைக் கேட்டு வாங்கி, சுண்ணாம்பு அடித்த சுவரில் ஓர் இழுப்பு இழுத்தார். கறுப்பாகக் கோடு விழுந்தது. பிறகு தன் பையிலிருந்த ஈயக் கம்பியை என் காதோரம் வளைத்தார். கிறீச்சென்று ஒரு சத்தம்.

"இது வெள்ளீயம். வளைச்சா சத்தம் போடும். ஒங்க வீட்டுல இருக்குறது காரீயம், வாயத் தொறக்காது. புளி பட்டா வெசம். இதுல போயி புளி ஊத்தலாமா தாயி?"

நான் சுவரைப் பார்த்தேன். பிள்ளையின் ஈறில் இருந்ததும் அதே நிறம்தான்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். களிம்புக்குப் பயந்து இதைக் கொண்டுவந்தேன். அன்று என் வீட்டுக்காரர் "நீதானே கேட்ட" என்றார், நான் "நீங்கதானே பூசுனீங்க" என்றேன். இரண்டும் நிஜம். இரண்டு உலோகத்துக்கும் ஈயம் என்று ஒரே பேர் வைத்த முன்னோர்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

குப்பையில் போட்டால் யாராவது எடுத்துப் புழங்குவார்கள் என்று சட்டியைக் கோடாலியால் பிளந்து, தண்ணீர் வரும் பக்கத்துக்கு எட்டத்தில் புதைத்தோம். மண்சட்டிக்கு மாறினோம். அவர் ஸ்டோரிலிருந்து வந்ததும் கை கழுவி, உடுப்பு மாற்றித்தான் பிள்ளையைத் தொடலாம் என்று சொல்லிவிட்டேன். லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். சிலர் தாங்களும் கொண்டுவந்து வைத்திருந்த தகட்டை எடுத்துக் கொடுத்தார்கள். பலர் சிரித்தார்கள். "ஈயத்துல ரசம் வச்சுத்தானே நாங்கெல்லாம் வளந்தோம்," என்றாள் ஒருத்தி.

மூன்று மாதத்தில் வலி நின்றது. கை மெல்ல நிமிர்ந்தது. ஈறிலிருந்த கோடும் மறைந்தது. முனி இறங்கிவிட்டது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். கேள்விகள் மட்டும் திரும்பி வரவில்லை. எதைக் கேட்டாலும் வெகுநேரம் என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு ஒரே ஒரு வார்த்தை சொல்வாள். சில நாள் அதுவும் கிடையாது.

இரண்டு வருஷம் கழித்து எங்கள் வரிசைக்குப் புதிதாகக் குடிவந்த பெண் என் மகளை ஒரு நாள் முழுக்கத் தன் பிள்ளைகளோடு வைத்துப் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் கொண்டுவந்து விட்டாள்.

"வாயே தொறக்கலக்கா, அம்புட்டு அடக்கம். நல்லா வளத்திருக்கீங்க," என்றாள்.

நான் சரி என்று தலையாட்டினேன்.