சாய்ந்த எழுத்தில் என் கல்யாணப் பேனர்

கடலூரில் ஒரு டிஜிட்டல் பேனர் கடையில் நான் டிசைனர். 2008 வாக்கில் ஊரின் நல்லது கெட்டது எல்லாம் ஒரே எழுத்துருவில்தான் நடந்தது. தடித்தது, பக்கவாட்டில் ஒடுங்கியது, வலப்பக்கம் சாய்ந்தது, கொண்டை குஞ்சம் எதுவும் இல்லாதது. தடிப்பாக இருந்தால் ஓடுகிற பஸ்ஸிலிருந்தே படிக்கலாம். ஒடுங்கியிருந்தால் பத்துப் பேர் இடத்தில் இருபது பேரை அடைக்கலாம். சாய்ந்திருந்தால் ஏதோ அவசரம் என்று தோன்றும். பண்ருட்டி முந்திரிக் கடைக்கு அது பொருந்தியது, சரி. கண்ணீர் அஞ்சலிக்கும் அதையே போட்டேன். செத்தவர் பஸ் பிடிக்க ஓடுவதுபோல் இருந்தது. குடும்பத்தார் பிரமாதம் என்றார்கள்.

ஊரார் பேரையெல்லாம் பெரிதாக்கிய எனக்கு, என் பேரையும் ஒரு தடவை அப்படிப் பார்க்க ஆசை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பேராசைதான்.

சிதம்பரத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குச் செம்மங்குப்பத்தில் வேலை. மண்டப வாசலில் வைக்கும் பேனரை அவருடைய நண்பர்கள் எங்கள் கடையிலேயே கொடுத்தார்கள். முப்பத்தொரு பேர், முப்பத்தொரு போட்டோ, அத்தனை முகத்திலும் கூலிங் கிளாஸ். எங்கள் கடையில் யாரும் புதிதாக டிசைன் செய்வதில்லை. போன கல்யாணத்தின் ஃபைலைத் திறந்து போட்டோவையும் பேரையும் மாற்றுவோம். இதற்கும் அப்படித்தான் திறந்தேன்.

இடம் போதவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர், "பொண்ணு பேரக் கொஞ்சம் சின்னதாக்குங்க தங்கச்சி, மாப்ள பேருதான முக்கியம்" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அதுல மட்டும் கை வைக்க மாட்டேண்ணா" என்றேன். அந்த முப்பத்தொரு பேரையும் 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும்வரை நெரித்தேன். மணமகன் பேர் எவ்வளவு உயரமோ, மணமகளுக்கும் அதே உயரம். ஸ்கிரீனில் அளந்தே பார்த்தேன். நண்பர் தன் ஆட்களின் பேர்களை மட்டும் விரல் வைத்து எண்ணிவிட்டு ஓகே சொன்னார். பிரிண்டுக்குப் பாண்டிக்கு அனுப்பினோம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் நாங்கள் மண்டபத்துக்குப் போனபோது பேனர் கட்டியிருக்கவில்லை. தாலி கட்டி முடிந்ததும் போட்டோக்காரர் எங்கள் இருவரையும் வாசலுக்குக் கூட்டிவந்து அதன் முன்னால் நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தேன். பேனரில் என் முகத்துக்குக் கீழே, தடியாக, சாய்வாக, நான் சண்டை போட்டுக் காப்பாற்றிய அதே உயரத்தில், போன வாரம் கல்யாணமான கம்மாபுரத்துப் பெண்ணின் பேர். உயரத்தை அளந்தவள் பேரை மாற்ற மறந்திருக்கிறேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் கையாலேயே செய்த வேலை, யாரைத் திட்டுவது?

மாப்பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டேன். "பேனர்ல பேரு தப்பாயிடுச்சிங்க. காலையில நீங்க பாக்கலியா?"

"பாத்தேனே" என்றார். "என் பேரு கரெக்டாத்தான் இருந்துச்சி."

தாலி கட்டிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.